தபால் இலாகாவின் தலைமை நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் துணை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் மாலை வேளையில் திண்ணைக்கு ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு செல்வமகள் கணக்கு, மணியார்டர் என்று கேட்பார்கள். இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்து, இந்த இலாகாவுக்கே தலைவராக வேண்டுமானால் என்ன வழி என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பேச்சு நடையை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

தபால் இலாகாவுக்குத் தலைவர் மந்திரிதானே? வேறு யார் இருக்கிறார்கள்?

மந்திரி, தகவல் தொடர்பு அமைச்சகத்துக்குப் பொறுப்பானவர். அரசியல் வழியாக வருகிறவர். ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். இலாகாவுக்குள்ளேயே வேலை பார்த்து உச்சிக்குப் போகிறவர் அஞ்சல் துறைச் செயலர். தில்லியில் டாக் பவனில் அவருடைய அலுவலகம். அஞ்சல் பணிகள் வாரியம் என்று ஒன்று உண்டு. அதற்கு அவர் தலைவர். அவருக்குக் கீழே ஆறு உறுப்பினர்கள். பணியாளர், அஞ்சல் இயக்கம், தொழில்நுட்பம், ஆயுள் காப்பீடு என்று ஆளுக்கொரு பொறுப்பு.

நாட்டில் ஏறத்தாழ 1,65,000 அஞ்சலகங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது கிராமங்களில். கானாடுகாத்தானில் நீங்கள் பெட்டியில் போடுகிற ஒரு கார்டு போய்ச் சேரவில்லை என்றால், மேலே மேலே கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

பேப்பரில் 'மதுரையில் அஞ்சல்துறைத் தலைவர் பேட்டி' என்று போடுகிறார்களே, அப்படியானால் தலைவர் மதுரையிலா இருக்கிறார்?

இந்தக் குழப்பம் தமிழால் வந்தது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்ற பதவியை 'அஞ்சல்துறைத் தலைவர்' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். அவர் ஒரு மண்டலத்துக்குத்தான் தலைவர். தமிழ்நாட்டில் சென்னை நகரம், மேற்கு, மத்திய, தென் மண்டலம் என்று நான்கு இருக்கின்றன. நம் காரைக்குடிக் கோட்டம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டலத்தில் வருகிறது.

இவர்களுக்கு மேலே, மாநிலம் முழுவதற்கும் ஒருவர் சென்னையில் இருக்கிறார்; அவர் முதன்மை அஞ்சல்துறைத் தலைவர். அந்த எல்லைக்கு 'வட்டம்' என்று பெயர். நம் தாலுகா வட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்படி நாடு முழுவதும் 23 வட்டங்கள். இத்தனை 'தலைவர்'களுக்கும் மேலேதான் செயலர். மொழிபெயர்த்தவர் 'தலைவர்' என்ற சொல்லைக் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழித்திருக்கலாம்.

செயலர் என்கிறீர்கள். தலைமை இயக்குநர் என்றும் ஒருவர் இருக்கிறாராமே? ஒரு வீட்டுக்கு இரண்டு எஜமானர்களா?

நெடுங்காலம் இரண்டு பதவியையும் ஒரே ஆள்தான் பார்த்துவந்தார். இப்போது தனித்தனி. அரசின் கொள்கை, நிதி, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வது ஆகியவை செயலர் பக்கம். அன்றாடம் தபாலை நகர்த்துகிற வேலை தலைமை இயக்குநர் பக்கம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு அஞ்சலகச் சட்டம், 2023 என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். 2024 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் இந்திய அஞ்சலுக்குத் தலைமை வகிப்பவர் என்று எழுதியிருப்பது தலைமை இயக்குநரைத்தான்.

நம் ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், அந்தக் காலத்து நகரத்தார் வட்டிக்கடையில் முதலாளி ஊரில் இருப்பார், ரங்கூன் மொகல் தெருக் கடையை மேலாள் நடத்துவார். கடையில் அன்றைக்கு யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது மேலாள் முடிவு. கடையை வைத்திருப்பதா, மூடுவதா என்பது முதலாளி முடிவு.

அந்த நாற்காலிக்குப் போக என்ன பரீட்சை எழுத வேண்டும்?

தலைவர் பதவிக்கென்று தனிப் பரீட்சை இல்லை. மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப்பணித் தேர்வுதான் வாசல். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எழுதுகிற அதே தேர்வு. தேர்ச்சி பெற்றவர்களின் தரவரிசையையும் விருப்ப வரிசையையும் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட பணிகளுக்குப் பிரிப்பார்கள். அதில் ஒன்று இந்திய அஞ்சல் பணி. ஏதாவது ஒரு பட்டம் போதும். முதல்நிலைத் தேர்வை மதுரையிலோ திருச்சியிலோ எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் இடம் உண்டு.

வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 32, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 37. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு கணக்குக்குத் தேவைப்படும்.

மகனுக்கு ஐ.ஏ.எஸ். கிடைக்கவில்லை, தபால் பணி ஒதுக்கியிருக்கிறார்கள். 'தபால் ஆபீஸ் வேலைக்கா இவ்வளவு படித்தான்?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு ஆச்சி இதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டார். மகன் பாஸ் பண்ணியதற்கு அழுகிற ஊர் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆச்சி, உங்கள் மகன் கவுண்டரில் உட்கார்ந்து தபால்தலை விற்கப் போவதில்லை. முதலில் முசோரியில் மற்றப் பணிகளுக்குத் தேர்வானவர்களோடு சேர்ந்து அடிப்படைப் பயிற்சி. பிறகு காஸியாபாத்தில் ரஃபி அகமது கித்வாய் பெயரில் இருக்கிற தேசிய அஞ்சல் அகாதமியில் துறைப் பயிற்சி. அதை முடித்து வெளியே வரும்போது, தலைமுடி நரைத்த எங்களைப் போன்றவர்களுக்கு அவன் அதிகாரி. தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் 56,100 ரூபாய். அதே கணக்கில் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் தொடக்கம் அதுதான். விரும்பினால் சில ஆண்டுகள் ராணுவ அஞ்சல் பிரிவுக்குப் போய்ச் சீருடை அணிந்து வேலை பார்க்கவும் வழி இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு இந்தக் கடைசி வரியை மட்டும் சொன்னால் போதும், வாய் அடைத்துவிடும்.

சேர்ந்த நாளிலிருந்து செயலர் ஆகிறவரை என்னென்ன படி?

பயிற்சி முடிந்ததும் ஒரு கோட்டத்துக்கு முதுநிலைக் கண்காணிப்பாளர். கோட்டம் என்றால் சில நூறு அஞ்சலகங்கள் வரை இருக்கும்; தபால்காரர் இடமாற்றம் முதல் கையாடல் விசாரணை வரை அவர் மேசைக்கு வரும். என் அனுபவத்தில் ஒரு நல்ல அதிகாரி உருவாவதும் கெட்டுப்போவதும் இந்தப் படியில்தான். அடுத்து மண்டல அலுவலகத்தில் அஞ்சல் பணிகள் இயக்குநர். அதற்கு மேல் நாம் பார்த்த போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். அதன் பிறகு வட்டத் தலைவர். பிறகு தில்லியில் வாரிய உறுப்பினர். உறுப்பினர்களிலிருந்தோ அதற்கு இணையான நிலையிலிருந்தோதான் கடைசி இரண்டு நாற்காலிக்கும் ஆள் எடுக்கிறார்கள். பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழு ஒப்புதல் கொடுக்க வேண்டும். செயலரின் அடிப்படைச் சம்பளம், மேலே சொன்ன அதே ஊதியக் குழுக் கணக்கில், 2,25,000 ரூபாய்.

படிகளை எண்ணினால் ஆறு, ஏழுதான். ஏறுவதற்குத்தான் ஒரு ஆயுள் பிடிக்கும்.

அந்தப் பெரிய அதிகாரிகளுக்குத் தபால் வேலை உண்மையில் தெரியுமா? கையெழுத்துப் போடுவதோடு சரிதானே?

எங்கள் ஆபீஸுக்கு ஒரு முறை பயிற்சி அதிகாரி ஒருவர் வந்தார். வடக்கத்திப் பெண், இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். காலை ஏழரைக்கு மெயில் வண்டி வருவதற்கு முன்பே வாசலில் நின்றார். நாங்கள் நாற்காலி துடைத்துப் போட்டோம், உட்காரவில்லை. பையை அவிழ்த்தார், கட்டுகளை எண்ணினார், எங்கள் தபால்காரர் தெருவாரியாகக் கடிதம் அடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். மாலையில் பை கட்டும்போது, அரக்கு முத்திரையை நானே வைக்கிறேன் என்றார். உருகிய அரக்கு ஆள்காட்டி விரலில் சொட்டிவிட்டது. கையை உதறவில்லை. முத்திரையை அழுத்தி முடித்துவிட்டுத்தான் குழாயடிக்குப் போனார்.

திரும்பி வந்து முத்திரைப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். தினமும் காலையில் தேதி மாற்றி முதல் முத்திரையை அதில் குத்தி, போஸ்ட்மாஸ்டர் சரிபார்க்க வேண்டும். முந்தின வாரத்தில் ஒரு நாள் மாத எழுத்து தலைகீழாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தும் இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். எல்லா அதிகாரிகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. காரை விட்டு இறங்காமல் இன்ஸ்பெக்ஷன் முடித்துப் போனவரையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாகப் பினாங்கு போய் முதலாளியாகத் திரும்பினவர். அதுபோல ஒரு தபால்காரர் செயலர் ஆக முடியாதா?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், பதில் சொல்ல மனம் வராததும் இதுதான். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: நகரத்தார் கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்க்கிற சிறுவன் பெட்டியடிப் பையன். கணக்குப் பழகி அடுத்தாள் ஆவான்; பிறகு மேலாள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. முடித்து ஊர் வந்து, மறுபடி போவான். கெட்டிக்காரனாக இருந்தால் ஒருநாள் சொந்தக் கடை போட்டு முதலாளி ஆவான். ஒரே ஏணி, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை இடையில் சுவர் இல்லை.

தபால் இலாகாவில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ஏணி. ஒன்று நாம் பார்த்த குடிமைப்பணி ஏணி. இன்னொன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து எடுக்கிற கிராம அஞ்சல் ஊழியரிடம் தொடங்குகிறது. அங்கிருந்து துறைத் தேர்வு எழுதித் தபால்காரர், இன்னொன்று எழுதி அஞ்சல் உதவியாளர், இன்னொன்று எழுதி இன்ஸ்பெக்டர். பிறகு உதவிக் கண்காணிப்பாளர், அதன் பிறகு 'பி' பிரிவுக் கண்காணிப்பாளர். அதற்கும் மேலே பதவி உயர்வில் இந்திய அஞ்சல் பணியின் தொடக்க நிலைக்குள் நுழையவும் சட்டப்படி வழி இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் சுவர் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்துசேரும்போது ஆளுக்கு ஐம்பதைத் தாண்டிவிடும். தேர்வு எழுதி நேரே வந்தவர் இருபத்தேழு வயதில் ஏறுகிற படியில் இவர் ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது காலை வைக்கிறார். மேலே போக வயது மிச்சம் இருக்காது.

ஆகவே தபால்காரராக இருக்கிற பிள்ளைக்கு அந்த நாற்காலியில் கண் இருந்தால், இந்த ஏணியில் ஏறிக்கொண்டிருக்காமல், வயது வரம்புக்குள் குடிமைப்பணித் தேர்வு எழுதி அந்த ஏணிக்குத் தாவிவிட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே, துறைக்குத் தெரிவித்துவிட்டு எழுதலாம்.

அமெரிக்காவில் ஒரு தபால்காரப் பெண் நாட்டுக்கே தலைவி ஆனதாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. மேகன் பிரென்னன் என்று பெயர். 1986இல் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் என்ற ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவர். 2015இல் அமெரிக்காவின் 74ஆவது போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். அங்கே போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்றால் நாட்டுக்கு ஒரே ஒருவர். இரண்டாவது பதிலில் பார்த்த நம் மதுரை அதிகாரியோடு ஒப்பிட வேண்டாம்.

அங்கே 1970இல் சட்டம் கொண்டுவந்து தபாலை அமைச்சரவையிலிருந்து பிரித்துவிட்டார்கள். இப்போது ஆளுநர் குழு ஒன்று தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தக் குழுவுக்குப் பிடித்தால் உள்ளேயிருந்தும் எடுக்கலாம், வெளியேயிருந்தும் எடுக்கலாம். பிரென்னனுக்குப் பிறகு 2020இல் வந்த லூயிஸ் டிஜாய் சரக்குப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். 2025இல் வந்த டேவிட் ஸ்டைனர் குப்பை அள்ளும் பெரிய நிறுவனத்தை நடத்தியவர். பெட்டியடிப் பையனுக்குக் கதவு திறந்திருக்கிற வீட்டில், பக்கத்துக் கடை முதலாளியும் நேராக உள்ளே வந்து உட்காரலாம். நம்மிடம் இரண்டுமே இல்லை. எது மேல் என்று என்னிடம் கேட்டால், பிரென்னனுக்காக நான் அந்தப் பக்கம் சாய்வேன்.

இந்தியாவில் முதல் தலைவர் யார்?

1854இல் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனியாக இருந்த தபாலை ஒன்றாக்கி, ரிடெல் என்ற ஆங்கிலேயரைத் தலைமை இயக்குநராகப் போட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்துதான் தூரக் கணக்கில்லாமல் எடையை வைத்துக் கட்டணம். குறைந்த எடைக்கு அரை அணா. செட்டிநாட்டுக் கடைகள் கடிதத்தை நம்பி நடந்தவை. ரங்கூனில் நெல் விலை என்ன, யாருக்குக் கொடுத்த கடன் வந்தது, எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு யார் ஊர் திரும்ப வேண்டும் எல்லாம் கடிதத்தில்தான் போய்வந்தன.

பெண்கள் செயலர் ஆகியிருக்கிறார்களா?

ஒருவர் அல்ல, பலர். ராதிகா துரைசாமி, காவேரி பானர்ஜி ஆகியோர் இருந்திருக்கிறார்கள். 2024இல் வந்திதா கௌல் அந்தப் பதவிக்கு வந்தார்; 1989ஆம் ஆண்டுத் தொகுதி, அதாவது அந்த ஆண்டு 'பேட்ச்' அதிகாரி.

எனக்கு இப்போது 31 வயது. அடுத்த ஆண்டு தேர்வானாலும் செயலர் ஆகலாம் அல்லவா?

பென்சிலை எடுங்கள். வந்திதா கௌல் 1989 தொகுதி, செயலரானது 2024. முப்பத்தைந்து ஆண்டு. ஓய்வு வயது 60. அப்படியானால் இருபத்தைந்து வயதுக்குள் சேர்ந்தவருக்குத்தான் அந்த உயரம் கைக்கு எட்டும். நீங்கள் முப்பத்துமூன்றில் சேர்ந்தால் உங்களுக்கு இருப்பது இருபத்தேழு ஆண்டு. வரிசை வேகமாக நகர்ந்தால் வட்டத் தலைவர் நாற்காலி வரை போகலாம்; அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மேலே வயது வரம்பை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தேர்வு எழுத 37 வரை விடுகிறார்கள், உச்சிக்குப் போக விடுவதில்லை. தகுதி, திறமை எல்லாம் இருந்தும் பிறந்த தேதியால் நின்றுபோனவர்கள் அந்த இலாகாவில் நிறையப் பேர்.

தந்தியை நிறுத்தினார்கள், ரிஜிஸ்டர் தபாலை நிறுத்தினார்கள். எல்லாம் இந்தச் செயலர்கள் செய்த வேலைதானே?

தந்தி விஷயத்தில் அவர்களைத் திட்டாதீர்கள். தபாலும் தந்தியும் ஒரே இலாகாவாக இருந்தது 1985 தொடக்கத்தில் பிரிந்துவிட்டது. தந்தி தொலைத்தொடர்புப் பக்கம் போய், பி.எஸ்.என்.எல். கையில் இருந்தபோது 2013 ஜூலையில் முடிந்தது. ரிஜிஸ்டர் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்தது தபால் இலாகாதான். பதிவுத் தபாலுக்குரிய வசதி, பெறுபவரிடமே ஒப்படைப்பது, ஸ்பீடு போஸ்டுக்குள் இருக்கிறது. தனிப் பெயர்தான் போயிற்று. பழைய பத்திரக்காரர்கள் இன்னும் 'ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அழகப்பருக்குத் தபால்தலை போட்டதுபோல எங்கள் பாட்டனாருக்கும் போடச் சொல்லிச் செயலருக்கு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அவர் ஒருவர் நினைத்து நடக்கிற காரியம் அல்ல. யோசனைகளைப் பார்க்கத் தபால்தலை ஆலோசனைக் குழு இருக்கிறது. கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலை செட்டியாருக்கு 1980இலும், வள்ளல் அழகப்பருக்கு 2007இலும் தபால்தலை வந்தன. ஒருவர் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர், மற்றவர் காரைக்குடியையே கல்லூரி ஊராக மாற்றியவர். உங்கள் பாட்டனார் என்ன செய்தார் என்பதை முதலில் எழுதுங்கள். வளவு வீடு எவ்வளவு பெரியது என்பதை எழுத வேண்டாம்.

இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் அந்தத் தேர்வை எழுதவில்லை?

அப்படி ஒரு தேர்வு இருப்பது தெரிந்தபோது எனக்கு வயது தாண்டியிருந்தது. அதை எனக்குச் சொன்னதே மேலே எழுதிய அந்த அரக்குப் பெண்தான். இன்ஸ்பெக்டர் தேர்வை இரண்டு தடவை எழுதினேன், கிடைக்கவில்லை. மூன்றாவது தடவைக்கு விண்ணப்பத்தை நிரப்பி இழுப்பறையில் வைத்தேன். அது அங்கேயே இருந்துவிட்டது.

அந்தப் பெண் பயிற்சி முடித்துப் போன வருடத்திலிருந்து பொங்கலுக்கு ஒரு கார்டு எழுதுவார். நான் கார்டில் முதலில் பார்ப்பது அனுப்பியவர் பின்கோடைத்தான். கிழக்கே, மேற்கே என்று மாறிக்கொண்டே இருந்த எண் போன பொங்கலுக்கு 110001 என்று வந்தது. தில்லி. பதில் கார்டு வாங்கி வந்து, விலாசத்தில் பதவியைப் போடுவதா, பெயரைப் போடுவதா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயரையே போட்டேன்.